சல்காடோ: படமும் விளக்கக் கையேடும்

பிரேசில் புகைப்படக் கலைஞர் செபாஸ்டியோ சல்காடோ படித்தது பொருளாதாரம். பிரேசிலில் ராணுவ ஆட்சி. 1969-இல் மனைவி லேலியாவுடன் பாரிஸுக்கு வந்துவிட்டார். பிறகு லண்டனில் சர்வதேசக் காபி அமைப்பில் நல்ல உத்தியோகம். லேலியா கட்டடக்கலைப் படிப்புக்காக வாங்கிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு அலுவலகப் பயணம் போய்வந்தார். 1973-இல் உத்தியோகத்தை விட்டுப் படமெடுக்க வந்துவிட்டார். அப்போது வயது 29.

*

பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கம், 1986-இல் அவர் எடுத்த படங்கள். பிரம்மாண்டமான குழி. சேறு அப்பிய ஆயிரக்கணக்கான ஆண்கள், முதுகில் மண்மூட்டை, ஏணிக்குமேல் ஏணி. மண் சுமக்க இயந்திரமே இல்லை. பார்க்கிற யாரும் அடிமைகள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அவர்கள் தங்க ஆசையில் தாங்களாக வந்தவர்கள். குழியில் தங்கம் தட்டுப்பட்டால், சுமப்பவர் தனக்கென்று ஒரு மூட்டையைப் பொறுக்கிக்கொள்ளலாம். உள்ளே பொன்னும் இருக்கலாம், வெறும் மண்ணும் இருக்கலாம். ஏணியில் ஏறுகிறவர் பாதி கூலியாள், பாதி சூதாடி. படத்தை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

*

அந்தப் படங்கள் 'தொழிலாளர்கள்' (1993) நூலில் உள்ளன. தன்பாத் நிலக்கரி, வங்கதேசத்துக் கப்பலுடைப்பு, குவைத்தில் எரிந்த எண்ணெய்க் கிணறுகள் எல்லாம் அதில் உண்டு. இயந்திரம் வந்து விழுங்குவதற்குள் கை உழைப்பைப் பதிந்துவிடும் அவசரம். தொழில்வாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பதில் பழைய பொருளாதாரக்காரர் தெரிகிறார்.

படத்துக்குக் கீழே ஒரு வரி கிடையாது. விளக்கமெல்லாம் தனிக் கையேட்டில். பக்கம் கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் சுரங்கத்துக்காரரின் பாதிக் கதை கையேட்டுக்குள் போய்விட்டது.

*

துயரத்தை அழகாக எடுக்கிறார் என்று பலர் ஏசினார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. அசிங்கமாக எடுத்தால் மட்டும் யார் வயிறு நிறையும்? எழுத்தாளர் சூசன் சாண்டாக் 2003-இல் கேட்டதுதான் உறைக்கிறது. அவர் பின்னர் எடுத்த புலம்பெயர்வோர் படங்களில் ஏன் ஒருவருக்கும் பெயரில்லை? பிரபலத்துக்குப் பெயர், அகதிக்கு வெறும் இடப்பெயர். இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது.

*

ருவாண்டா இனப்படுகொலையைப் படமெடுத்த பிறகு சல்காடோவுக்கு மனமும் உடம்பும் நொறுங்கிப்போயின. லேலியாவின் யோசனைப்படி 1998 முதல் பிரேசிலில் அப்பாவின் வறண்ட பண்ணையில் காடு வளர்த்தார்கள். இயற்கையைப் படமெடுத்த 'ஜெனிசிஸ்' (2013) நூல் அந்தத் தெம்பில் வந்தது. பலருக்கு அதுதான் உச்சம், எனக்கு 'தொழிலாளர்கள்'தான். 2025 மே மாதம் பாரிஸில் இறந்தார்.

*

'தொழிலாளர்கள்' பழைய புத்தகக் கடையில் கிடைத்தால், கையேடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.