சக்கைப்போடு!

"மச்சான், ஒரு லட்ச ரூபாய் ரெடி பண்ணி வெச்சுக்குங்க. பிசினஸ் சக்கைப்போடு போடும்!" என்று தங்கையின் வீட்டுக்காரர் போன் போட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவர் சொன்னது கரும்புச் சக்கையை என்பது மண்ணரை போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டைப் பிடித்தால் மண்ணரை. சந்துக்குச் சந்து தையல் மெஷின் சத்தம். வாசலில் மூட்டை மூட்டையாய் பனியன் வெட்டிய துண்டுகள். இந்த ஊரில் அதற்குப் பெயர் 'கட்டிங் வேஸ்ட்'.

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மாப்பிள்ளை திட்டத்தை விரித்தார். "2019 ஜனவரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டாங்களா? பேப்பர் பைக்கு ஏக கிராக்கிங்க. 100 டன் கரும்பைப் பிழிஞ்சா 30 டன் சக்கை. அதைக் காஸ்டிக் சோடா போட்டு வேக வெச்சா கூழு. கூழை ஊத்தினா பேப்பர். பேப்பரை ஒட்டினா பை. மண்ணுல போட்டா மக்கிப் போயிரும். புகளூர்ல நம்ம அரசாங்க மில்லே 1984-லிருந்து சக்கையிலதானே பேப்பர் பண்ணுது?"

நான் பாதி விழுந்துவிட்டேன். அப்போதுதான் தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, வேக வெச்ச சோடாத் தண்ணியை எங்க ஊத்துவாருன்னு கேளுங்க."

மாப்பிள்ளை விட்டத்தைப் பார்த்தார்.

நியாயமான கேள்வி. சக்கையில் நாரோடு லிக்னின் என்ற பசையும் ஒட்டியிருக்கும். அதைக் கழற்றத்தான் சோடா. வெந்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரைப் பெரிய ஆலையில் சுண்டக் காய்ச்சி, கொதிகலனில் எரித்து, சோடாவை மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். கொல்லைப்புற ஷெட்டில் அதற்கு வசதி ஏது? பை மக்கும், அந்தத் தண்ணீர் மக்குமா?

சாயங்காலம் தங்கை என்னை மூளிக்குளத்துக்கு அழைத்துப் போனாள். பெயர்தான் மூளி. ஊரார் கூடித் தூர்வாரிய குளம். தண்ணீர் நின்றது, கரையில் மரம் நின்றது.

"ஆத்துல என்ன கலர் ஓடுதோ அதுதான் இந்த வருஷ பேஷன்னு ஊரே சிரிச்சதுங்ணா. இனியும் அப்படிச் சிரிக்கணுமா?" என்றாள்.

சிரித்ததற்கு ஊர் கொடுத்த விலை அதிகம். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது ஐகோர்ட். வேலை போனவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

"அப்ப பேப்பர் பையே வேண்டாங்கறியா?"

"வாசல்ல கிடக்கிற மூட்டையைப் பாத்தீங்களா? பருத்தியும் வயல்ல வெளஞ்சதுதானுங்ணா."

எனக்குப் பொறி தட்டியது. பருத்தி கிட்டத்தட்ட முழுக்க நார்தான். சோடாவில் வேகவைக்க வேண்டிய அவசியமில்லை. பொடிப்பொடியாக வெட்டி, தண்ணீரில் அடித்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, கொடியில் காயப்போட்டால் காகிதம். வடிகிற தண்ணீரை மறுபடி தொட்டியிலேயே ஊற்றலாம். கலர்த் துணியைப் போட்டால் கலர்க் காகிதம், சாயமே வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். புதுச்சேரியிலும் ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரிலும் இந்தக் கைக்காகிதம் பிரசித்தம். சாங்கானேர் காகித நிலையத்துக்கு வைத்திருக்கும் பெயரே நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவுடையது.

வீட்டுக்கு வந்ததும் பரிசோதனை. மாப்பிள்ளையின் பழைய பனியன் பலியானது. மிக்ஸி முனகியது, புகைந்தது. மறுநாள் காலையில் காய்ந்து கிடந்ததைக் காகிதம் என்றும் சொல்லலாம், அப்பளம் என்றும் சொல்லலாம். மாப்பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சோடா பேச்சையே எடுக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது தங்கை கொய்யாப்பழம் போட்டுக் கொடுத்தாள், பனியன் துணியில் தைத்த பையில். "பையைத் திருப்பிக் கொண்டாந்துருங்ணா!"

லட்ச ரூபாய் தப்பியது என்று நிம்மதியாய் வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே போன்.

"மச்சான், கூழ் அடிக்க 'பீட்டர்'னு ஒரு மெஷின் இருக்குதாமுங்க..."