உள்ளுறையும் திறவுகோல்

வசதி பழைய கருவியை அழித்துவிடுவதில்லை, பெரும்பாலும் மறைத்துவைக்கிறது. மின்தூக்கி வந்த பின்னும் கட்டடத்தின் ஒரு மூலையில் படிக்கட்டு இருக்கிறது. மின்விளக்கு எரியும் வீட்டிலும் தீப்பெட்டி இருக்கிறது. மின்சாரம் நின்ற பிறகுதான் அவை எங்கே என்று மனிதர் தேடுகின்றனர். இந்த உண்மையை உள்ளங்கையளவில் காட்டும் பொருள் ஒன்று உண்டு. மக்கள் ரிமோட் சாவி என்று வழங்கும், மகிழுந்தின் தொலையியக்கிச் சாவியே அது.

பூட்டு வந்த வழி

உடைமையைக் காக்க மனிதன் கண்ட துணைகளுள் பூட்டு மிகப் பழமையானது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் மரப்பூட்டுகளைப் பயன்படுத்தினர். தாழ்க்கட்டையின் துளைகளில் சிறு முளைகள் விழுந்து அதனை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். திறவுகோல் அம்முளைகளை உரிய உயரத்திற்குத் தூக்கும்போது தாழ் விலகும். அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் இக்கொள்கையைச் சிறிய உலோக உருளைக்குள் அடக்கி, 1861இல் காப்புரிமை பெற்றார். தமிழகத்தில் கைவினைஞர் உருவாக்கும் திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெருமை சேர்த்தது.

1980களில், மகிழுந்தின் கதவைத் தொலைவிலிருந்தே திறக்கும் கருவி புழக்கத்திற்கு வந்தது. சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்பும் பழக்கம் மெல்லக் குறைந்தது. கதவில் துளை இருப்பதையே அறியாமல் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுவோரும் இன்று உளர்.

பொத்தான் பேசாதபோது

பொத்தானை அழுத்தியதும் சாவியிலிருந்து ஒரு குறியீடு வானொலி அலையாகப் புறப்படுகிறது. வண்டியிலுள்ள ஏற்பி அதனைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கிறது. கள்வர் அவ்வலையைப் பதிவுசெய்து மீண்டும் பயன்படுத்தாதவாறு, இன்றைய சாவிகளில் அழுத்தும்தோறும் குறியீடு மாறுகிறது. இத்தனை நுட்பத்திற்கும் ஆற்றல் தருவது நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம். பல சாவிகளில் 2032 என்னும் எண்ணுடைய 3 வோல்ட் மின்கலம் உள்ளது. அவ்வெண்ணே அதன் அளவைச் சொல்லும்: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர்.

மின்கலம் ஓய்வதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். முன்பு இருபது அடித் தொலைவில் திறந்த கதவு, பின்பு ஐந்தடிக்கு வந்தால்தான் திறக்கும். இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கும். அதனைப் பொருட்படுத்தாதவர் ஒருநாள் நடுவெயிலில், தம் வண்டியின் முன்னேயே அயலார்போல் நிற்க நேரிடும். சில வேளைகளில் குறை சாவியில் இருப்பதில்லை. வண்டியின் 12 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால், சாவி அழைத்தாலும் கேட்பதற்கு அங்கே செவி இல்லை.

அப்போது மனம் பதறுகிறது. கை பொத்தானை மேலும் மேலும் அழுத்துகிறது. கண்ணாடி இடுக்கில் கம்பியைச் செருகிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அக்கம்பி ரப்பர் விளிம்பையும் கதவினுள் ஓடும் மின்வடங்களையும் கெடுத்துவிடக்கூடும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பது பட்டறிந்தோர் மொழி.

கைக்குள் இருக்கும் விடை

தேடும் விடை அவர் கைக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான தொலையியக்கிச் சாவிகளுக்குள் ஓர் உலோகச் சாவி உறைகிறது. ஓரத்திலுள்ள சிறு பிடியைத் தள்ளினாலோ அழுத்தினாலோ அது வெளிவரும். அதற்குரிய துளை பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியருகே இருக்கும். சில வண்டிகளில் அழகு கருதி அதனை ஒரு மூடியால் மறைத்திருப்பர். மூடியிலுள்ள சிறு பிளவில் சாவி நுனியை வைத்து மெல்ல நெம்பினால் அது கழலும்.

கதவு திறக்கும்போது எச்சரிக்கை ஒலி எழக்கூடும், அஞ்ச வேண்டியதில்லை. பொத்தானால் இயங்கும் வண்டிகள் பலவற்றில், சாவியை அப்பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தினால் இயந்திரம் இயங்கும். சாவியிலுள்ள சில்லு, வண்டியின் கம்பிச்சுருளிலிருந்து ஆற்றல் பெற்றுத் தன்னை அடையாளம் காட்டும். வேறு சில வண்டிகளில் சாவியை வைப்பதற்கெனத் தனியிடம் உண்டு. இவற்றையெல்லாம் கையேடு விளக்குகிறது. அக்கையேடோ பெரும்பாலும் பூட்டிய வண்டிக்குள்ளேயே கிடக்கிறது! ஆதலால் அதனை முன்னரே படித்தவருக்கே அது உதவும்.

உயிர் உள்ளே இருந்தால்

உலோகச் சாவியும் கைகொடுக்கவில்லையெனில், பூட்டுத் தொழில் அறிந்தவரை அழைக்கலாம். வண்டி தம்முடையது என்பதற்குப் பதிவுச் சான்றைக் காட்டலாம். உள்ளே இருப்பது பையும் பணமுமாயின், அவர் வரும்வரை காத்திருப்பதில் இழப்பில்லை. குழந்தை ஒன்று உள்ளே இருந்தாலோ கணக்கே வேறு. கண்ணாடி வழியே புகும் வெயில் உள்ளேயே சிறைப்படுகிறது. பத்து நிமிடங்களில் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட விரைவாகச் சூடேறும். அங்கே காத்திருத்தல் பொறுமையாகாது.

உடனே 112 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். கதவைத் திறக்க வழியில்லாமல் குழந்தை சோர்வதாகத் தெரிந்தால், குழந்தைக்கு மிகத் தொலைவிலுள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரிய, கடினமான பொருளால் ஓங்கி அடித்து உடைக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளின் பக்கக் கண்ணாடி சிறு துண்டுகளாக உதிரும். முன்கண்ணாடியோ இடையே ஒட்டுப்படலம் உடையதாகையால் எளிதில் வழிவிடாது. கண்ணாடிக்கு விலை உண்டு, உயிருக்கு இல்லை.

கருவியைப் பயன்படுத்துவது வேறு. கருவியை அறிந்திருப்பது வேறு. பொத்தானை அழுத்த எவரும் கற்க வேண்டியதில்லை. பொத்தான் பேசாதபோது என்ன செய்வது என்பதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். அதற்குப் பெரும் பயிற்சி தேவையில்லை. அமைதியான ஒரு மாலையில், உள்ளுறையும் சாவியை வெளியே எடுத்து, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். வீட்டிலுள்ள பிள்ளைகளும் அதனை அருகிருந்து கண்டால், அவ்வறிவு ஒருவர் கையோடு நின்றுவிடாது.