குன்சும் கணவாய்க்கு முன்னே

மணாலியிலிருந்து ஸ்பிதி செல்வோர், 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தின் வழியே இன்று எளிதில் லாஹௌல் சேர்கின்றனர். அருமை அதற்கு அப்பால்தான். கிராம்ஃபூவிலிருந்து பாதை சந்திரா நதியை ஒட்டிச் செல்கிறது. பனியுருகிய ஓடைகள் குறுக்கே பாய்கின்றன. 4,500 மீட்டருக்கும் உயர்ந்த குன்சும் கணவாயை ஏறியாக வேண்டும். 2022 ஜூலையில் நாங்கள் சென்ற பழைய பிக்கப் வண்டியோ முன்புறம் தாழ்ந்து கிடந்தது. மணாலியில் ஒரு பட்டறையை நாடினோம்.

அவ்வண்டியின் முன்புறத்தைத் தாங்குவது சுருள்வில் அன்று. முறுகி மீளும் நீண்ட எஃகுக் கம்பி. ‘டார்ஷன் பார்’ என்பர். அதன் பின்முனைப் போல்ட்டை இறுக்கினால் முன்புறம் உயரும். மிஸ்திரி ஜாக்கியால் சக்கரங்களைத் தூக்கிப் பாரத்தை நீக்கிய பின்னரே போல்ட்டில் கைவைத்தார். இல்லையேல் மரை அழியுமாம். பின்பு இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, இருபுறமும் நாடா பிடித்து அளந்தார்.

இரண்டு அங்குலம் கேட்டோம், ஒன்றோடு நிறுத்திவிட்டார்! உயர்த்துவதால் கம்பி வலுப்பெறாதாம். அளவு மிஞ்சினால் சக்கரம் கீழிறங்க இடமின்றிப் பள்ளந்தோறும் இடிக்கும், மூட்டுகளும் தேயும் என்றார். சக்கரக் கோணத்தையும் முகவிளக்கையும் சீர்செய்த பிறகே விடைகொடுத்தார்.

சத்ருவை அடுத்த ஓடையில் வண்டியின் அடிப்பாகம் ஒருமுறை கல்லில் உரசிற்று, அவ்வளவே. பிற்பகலில் கணவாயைக் கடந்தோம்.