ஐம்பதுக்குப் பின் ஓர் ஊர்மாற்றம்

ஆபிரகாம் காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75 என்று தொடக்க நூல் கூறுகிறது. ஆலயத்தில் பலமுறை கேட்ட செய்திதான் அது. ஆனால் அந்த எண்ணின் கனம் எங்களுக்கு விளங்கியது 2015-ஆம் ஆண்டில்தான். மத்திய அரசுப் பணியில் லடாக்கின் லே நகருக்கு மாற்றல் ஆணை வந்தபோது எங்களில் ஒருவருக்கு வயது 53, மற்றவருக்கு 50.

மேற்கு மாம்பலத்தில், "இந்த வயதில் பனிமலைக்கா?" என்று கேட்காதவர் இல்லை. ஒருவர் மட்டும் போய் வருவதே பலரும் காட்டிய வழி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், ஆனால் 78 வயது அம்மாவை விட்டுச் செல்வது எங்ஙனம்? முடிவு செய்தவர் அம்மாவே. "சின்னவன் என்னைப் பார்த்துக்கொள்வான். நீங்கள் இருவரும் சேர்ந்தே போங்கள்" என்று கூறி, எங்கள் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு அனுப்பிவைத்தார்.

லே நகர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று மெலிந்திருப்பதால் புதிதாக வருவோர் முதல் இரண்டு நாள் ஓய்வு கொள்ள வேண்டும். நீர் 88 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே குக்கர் இன்றிச் சோறு வேகாது. இட்லி மாவு பொங்க, அதற்கும் கம்பளி போர்த்தி அடுப்பருகே வைக்க வேண்டும். குளிர்காலத்து இரவு உறைநிலைக்குக் கீழே 20 பாகைவரை செல்லும். குழாயில் நீர் உறைந்துவிடும். சோஜிலா கணவாய் பனியால் மூடப்பட்டபின் விமானம் ஒன்றே வழி. 1631-ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு பிரான்சிஸ்கோ தெ அசெவேதோ, ஐம்பதைக் கடந்த வயதில், மலைகளைத் தாண்டி இதே லே நகருக்கு வந்து அரசரைக் கண்டார். அவருக்கு விமானமும் இல்லை, குக்கரும் இல்லை என்று எண்ணி எங்களைத் தேற்றிக்கொள்வோம்.

குளிரைக் கம்பளி தாங்கும். நம்மை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்பதைத் தாங்குவதே அரிது. மாம்பலத்தில் கீரைக்காரம்மாவும் எங்கள் நலம் விசாரிப்பார். அங்கோ, வணக்கத்திற்கும் நன்றிக்கும் பொதுவான 'ஜூலே' என்ற ஒரு சொல்லே எங்கள் கைமுதல். அடுத்த வீட்டுப் பௌத்த மூதாட்டியை 'அபி-லே', அதாவது பாட்டி, என்று அழைத்தோம். புகாரி அடுப்பு எரியும்போது சன்னலைச் சற்றே திறந்துவைக்கவும், குழி தோண்டிக் கிழங்குகளைக் காக்கவும் அவரே கற்பித்தார். ஐம்பது வயதில் மீண்டும் குழந்தைகளானோம்.

அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் இரவு, அடையாற்றில் வெள்ளம் பெருகிச் சென்னை நகரில் புகுந்தது. மேற்கு மாம்பலமும் தப்பவில்லை. விமான நிலையம் மூடப்பட்டது. எங்கள் வீடோ தரைத்தளம். தொலைபேசியில் ஓசையே இல்லை. இரண்டு நாள் நாங்கள் உண்ணவில்லை. செய்தியறிந்து அபி-லே வெண்ணெய்த் தேநீருடன் வந்து அமர்ந்தார். 2010 ஆகஸ்டில் லே நகரில் திடீர் வெள்ளம் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றதைக் கண்டவர் அவர். ஆறுதல் மொழி எதுவும் அவர் கூறவில்லை. அவர் தம் செபமணிகளை உருட்ட, நாங்கள் செபமாலை சொன்னோம்.

மூன்றாம் நாள் தம்பியின் குரல் கேட்டது. அம்மா நலம்! வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து, அடுத்த தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த இளைஞர் நால்வர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி, எதிர்வீட்டு மாடியில் சேர்த்திருந்தனர். அதற்குமுன் அவர்கள் பெயரைக்கூட நம் தெருவில் எவரும் கேட்டதில்லை.

மூன்றாண்டுகளுக்குப்பின் ஊர் திரும்பினோம். மாற்றல் ஆணையைக் கையில் வைத்துக் கலங்கும் குடும்பங்களுக்கு நாங்கள் கூறக்கூடியது ஒன்றே: இயன்றால் சேர்ந்தே செல்லுங்கள், அங்கும் ஆண்டவர் உங்களுக்கு அயலாரை வைத்திருக்கிறார். ஊரிலேயே இருப்போருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, ஒருவரோடும் பேசாமல் வெளியேறும் புதியவரைக் காண்கிறீர்களா? அவர் பெயரைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறன்று அப்பெயர் சொல்லி அழையுங்கள். வேற்றூரில் அதன் அருமை எத்துணை பெரிது என்பதை நாங்கள் அறிவோம்.