‘அது அவனுடைய தனிப்பட்ட செயல்’

“அது அவனுடைய தனிப்பட்ட செயல். எங்கள் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.”

உரிமைப் பணியில் இருக்கும் நம் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். காவல் நிலையத்தில் அடித்தால் அந்தக் காவலரின் தனிப்பட்ட செயல். விடுதியில் சாதி சொல்லித் திட்டினால் அந்த வார்டனின் தனிப்பட்ட செயல். சென்ற ஆண்டு ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வாயிலிருந்தும் இதையே கேட்டேன்.

எனக்குத் தெரிந்த இளம்பெண் ஒருவர். அவர் குடும்பத்தில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஐந்து நாள் பேக்கேஜ் டூர் போனார். தங்கிய ஓட்டலின் ஊழியன் ஒருவன் அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். கூட வந்த டூர் மேனேஜர், “போலீஸ், கேஸ் என்று போனால் எல்லோருக்கும் பிளைட் போய்விடும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். ஊருக்கு வந்ததும் நிறுவனம் சொன்னதுதான் மேலே உள்ள வாக்கியம்.

அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி குற்றம். கண்டன போஸ்டர் அடிக்கும்போது நம் தோழர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். அவருக்காகத் தேடிப் படித்ததை, உங்களில் யாருக்காவது, உங்கள் தோழிக்காவது தேவைப்படலாம் என்று இங்கே தருகிறேன்.

முதலில் குற்றவியல் சட்டம். குற்றம் எந்த நாட்டில் நடந்ததோ அந்நாட்டுக் காவல்துறை விசாரிக்கும், அந்நாட்டு நீதிமன்றம் தண்டிக்கும். இது பொது விதி. ஆனால் குற்றம் செய்தவன் இந்தியக் குடிமகனாக இருந்தால், உடன் பயணித்தவனோ டூர் மேனேஜரோ அலுவலகச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போன மேலதிகாரியோ யாராயினும், உலகின் எந்த மூலையில் செய்தாலும் இந்தியச் சட்டம் அவனைத் தொடரும். நியாய சன்ஹிதாவின் பிரிவு 1(5) அதைச் சொல்கிறது. இந்தியாவில் பதிவான கப்பலிலோ விமானத்திலோ நடந்தால், செய்தவன் எந்த நாட்டவனாக இருந்தாலும் இது பொருந்தும்.

இப்படிப்பட்ட வழக்கை இங்கே நடத்த, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 208ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். இதைக் காட்டிப் புகாரையே வாங்க மறுப்பார்கள். விட்டுவிடாதீர்கள். பழைய சட்டத்தில் இதே விதி 188ஆம் பிரிவாக இருந்தது. அதைப் பற்றி 2011இல் தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்கும் கட்டம் வரை அனுமதி தேவையில்லை, அதற்கு மேல் விசாரணைக்குப் போகத்தான் தேவை.

குற்றவாளி வெளிநாட்டவன் என்றால் இந்தக் கதவு திறக்காது. அப்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: அவனை வேலைக்கு வைத்தது யார்? அவன் இருந்த இடத்துக்கு இந்தப் பெண்ணை அனுப்பிக் காசு வாங்கியது யார்?

இந்தக் கேள்வியைப் பதினோரு ஆண்டுகள் விடாமல் கேட்ட பிரிட்டன் பெண் ஒருவர் இருக்கிறார். நீதிமன்ற ஆவணங்களில் அவர் பெயர் ‘எக்ஸ்’ மட்டுமே. 2010 ஜூலையில் குவோனி என்ற நிறுவனத்தின் பேக்கேஜில் கணவருடன் இலங்கைக்குப் போனார். ஒருநாள் அதிகாலை இருட்டில் ஓட்டல் வளாகத்தில் வரவேற்பறைக்கு நடந்தபோது, சீருடையில் பணியில் இருந்த எலக்ட்ரீஷியன் குறுக்கு வழி காட்டுவதாகச் சொல்லி அழைத்துப்போய் அவரை வல்லுறவு செய்தான்.

அவர் லண்டனில் குவோனி மீது இழப்பீட்டு வழக்குப் போட்டார். பேக்கேஜில் வாக்களித்த சேவையை வேறொருவர் மூலம் வழங்கினாலும், அது ஒழுங்காக நடப்பதற்கு விற்ற நிறுவனமே பொறுப்பு என்றது பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுப் பேக்கேஜ் சுற்றுலா விதிமுறை. எலக்ட்ரீஷியன் வழிகாட்டுவது சேவையில் சேராது என்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பில் கைவிட்டது. உச்ச நீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. ஓட்டல் ஊழியரின் செயல் ஓட்டலின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அதை ‘எதிர்பாராத சம்பவம்’ என்று சொல்லி நிறுவனம் தப்ப முடியாது என்று 2021 மார்ச்சில் பதில் வந்தது. அதே ஆண்டு ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விருந்தினருக்கு வழிகாட்டுவதும் ஓட்டல் சேவைதான் என்றது.

இதன் பலன் என்ன? அவர் இலங்கை நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. தன் ஊரில், தன் மொழியில், தன்னிடம் காசு வாங்கிய நிறுவனத்தைக் கூண்டில் நிறுத்த முடிந்தது. ஆனால் விமானம் தனி, ஓட்டல் தனி என்று அவரே பதிவு செய்திருந்தால் இந்த வழி அவருக்கு இருந்திருக்காது. இது வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு. அதே ஓட்டலில் அறை கூட்டும் பெண்ணுக்கு இதில் இடமில்லை.

நம் நாட்டுத் தீர்ப்பு ஒன்று இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறது. 1998இல் அஜ்மீர் தர்காவுக்குப் புறப்பட்டு வந்த வங்கதேசப் பெண் ஒருவரை, ரயில்வே ஊழியர்கள் உள்ளிட்டோர் ஹவுராவில் ரயில்வேக்குச் சொந்தமான யாத்ரி நிவாஸில் வைத்துக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். சந்திரிமா தாஸ் என்ற கல்கத்தா வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்தார். ரயில்வே சொன்ன பதில் உங்களுக்கே தெரியும்: அவர் வெளிநாட்டவர், அது ஊழியர்களின் தனிப்பட்ட செயல். 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கும் எல்லோருக்கும் உண்டு என்று சொல்லி 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. டிக்கெட் வாங்கியவள் என்பதால் அல்ல, மனுஷி என்பதால் கிடைத்த நீதி அது. ஆனால் இந்த வழி அரசையும் அரசு நிறுவனங்களையும் எதிர்த்துத்தான்.

தனியார் சுற்றுலா நிறுவனத்துக்கு எதிராக நம் கையில் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரசீது, விளம்பரத் துண்டு, பதிவு நிபந்தனைகள், டூர் மேனேஜரின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாமே சான்றுகள். எதையும் அழிக்காதீர்கள்.

சட்டத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. உடம்புக்கு இல்லை. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள். அந்தப் பெண் மருத்துவமனைக்கு வந்தது நான்காம் நாள். பரிசோதனைகள் பிறகு நல்லபடியாக முடிந்தன. ஆனால் அந்த மாதங்களின் பயத்தை எந்த மனுவிலும் கணக்கிட முடியவில்லை.

ஆகவே முதலில் மருத்துவர். முடிந்தால் குளிக்காமல் போகட்டும். அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கட்டும். அங்கே முடியாமல் ஊருக்கு வந்துவிட்டாலும் அரசு, தனியார் என்ற பேதமின்றி எல்லா மருத்துவமனைகளும் இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும், மறுப்பது குற்றம்.

அடுத்து தூதரகம். அவர்கள் விசாரிக்க மாட்டார்கள், வழக்காட மாட்டார்கள். ஆனால் வழக்கறிஞர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர் தொடர்பைக் கேட்கலாம். வசதியற்றவர்களின் சட்ட உதவிக்கு இந்தியத் தூதரகங்களில் சமூக நல நிதி உண்டு. சில நாடுகளில் காவல் நிலையத்துக்குப் போகும் முன்பே இவர்களிடம் பேச வேண்டும். 2013இல் துபாயில் வல்லுறவுப் புகார் கொடுத்த நார்வே பெண்ணுக்கே, திருமணத்துக்கு வெளியே உடலுறவு கொண்டார் என்பது உள்ளிட்ட குற்றங்களுக்காக 16 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். உலகமே கண்டித்த பிறகுதான் மன்னிப்புக் கிடைத்தது.

நான் சொன்ன பெண்ணின் புகார், அந்த நாட்டு வழக்கறிஞர் மூலம் அங்கே பதிவாகியிருக்கிறது. இங்கே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. எதிர் மனுவில் நிறுவனம் அதே வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருக்கிறது. நாங்கள் பதிலில் கேட்டிருப்பது ஒன்றுதான்: அவனை ஓட்டலுக்குள் வைத்தது நீங்கள் தேர்ந்தெடுத்த ஓட்டல், அவளைப் புகார் கொடுக்கவிடாமல் விமானம் ஏற்றியது உங்கள் மேனேஜர். இதில் எது யாருடைய தனிப்பட்ட செயல்?