ஜெர்மானியக் கார்களும் ஒரு சேமிப்பு அட்டையும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திருப்பத்தில் எந்த வண்டி எப்படி வளையும், எதன் கியர் எவ்வளவு நயமாக விழும் என்றெல்லாம் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். என்னுடைய கார் அறிவு ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையிலும், புத்தகங்களிலும், அருங்காட்சியகங்களிலுமாகச் சேர்த்தது. ஆயினும் ஜெர்மானியக் கார்கள்மீது எனக்கு நெடுநாள் மோகம் உண்டு. நாவலின் பாத்திரங்கள்மீது வாசகனுக்கு வரும் மோகத்தைப் போன்றது அது. ஒரே நாட்டில், ஒரே பொறியியல் மரபில் பிறந்த இந்த நிறுவனங்கள் எப்படி இத்தனை வேறுபட்ட சுபாவங்களைப் பெற்றன?

யோசிக்கையில் ஒன்று புலப்படுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் வாங்குபவனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கு எதுவோ அதுவே அதன் சுபாவம்.

மெர்ஸிடிஸ் பென்ஸ் இக்குடும்பத்தின் மூத்தவர். கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886 ஜனவரியில். ஆனால் அவ்வண்டி ஊர்விட்டு ஊர் போகும் என்று காட்டியவர் அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தாய்வீட்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து வாங்கினார். 'பத்திரமாகப் போய்ச் சேர்வாய்' என்பதே அன்று முதல் அந்த வீட்டின் வாக்கு. மோதலில் முன்பகுதி தான் நசுங்கி உள்ளிருப்பவரைக் காக்கும் உடலமைப்பு 1959லும், சக்கரம் பூட்டிக்கொள்ளாத மின்னணு பிரேக் 1978லும் அதன் கார்களில் வந்தன. இந்த வண்டியில் சிறந்த இடம் பின்னிருக்கைதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பி.எம்.டபிள்யூ. இதற்கு நேர் எதிர். அது ஓட்டுபவனுக்கான வண்டி. விமான எஞ்சின் செய்து பிழைத்த நிறுவனம் அது. அதன் நீலவெள்ளைச் சின்னம் சுழலும் விமான விசிறி என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அவை பவேரியா மாநிலத்தின் நிறங்கள். விசிறிக் கதை 1929ஆம் ஆண்டு விளம்பரமொன்றிலிருந்து கிளம்பியது. 1959 டிசம்பரில் அந்நிறுவனம் மெர்ஸிடிஸின் தாய்நிறுவனமான டைம்லர் பென்ஸிடம் கைமாற இருந்தது. சிறு பங்குதாரர்கள் கூட்டத்தில் எழுந்து எதிர்த்தார்கள். ஹெர்பர்ட் க்வாண்ட் தம் பணத்தைப் போட்டார். 1961ல் காட்சிக்கு வந்த 1500 என்ற கார் அதை நிமிர்த்தியது. அண்ணன் கைக்குப் போகாமல் தப்பிய தம்பிக்கு ஒரு துடுக்கு இருக்குமல்லவா, அது அந்த வண்டியில் இன்றும் உண்டு.

ஆடியின் கதை எனக்கு மிகப் பிடித்தது, ஏனெனில் அது ஒரு சொல்லின் கதை. ஆகுஸ்ட் ஹோர்ஹ் தாம் தொடங்கிய நிறுவனத்தைவிட்டு 1909ல் விலக நேர்ந்தது. புதிய நிறுவனத்துக்குத் தம் பெயரையே வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஹோர்ஹ் என்றால் ஜெர்மனில் 'கேள்' என்று பொருள். லத்தீன் படித்துக்கொண்டிருந்த நண்பர் மகன் அதை மொழிபெயர்த்து 'ஆடி' என்றான். ஒரு மொழிபெயர்ப்பில் பிறந்ததாலோ என்னவோ, அந்நிறுவனத்துக்குப் படிப்பாளியின் முகம். நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் குவாட்ரோவை 1980ல் அது அறிமுகம் செய்தபோது, பலத்தைவிட அறிவு மேல் என்று சொல்வது போலிருந்தது. அதன் நான்கு வளையங்கள் 1932ல் ஒன்றுசேர்ந்த நான்கு நிறுவனங்களின் அடையாளம். போருக்குப் பின் அது மேற்கே இங்கோல்ஷ்டாட்டில் புதிதாகத் தொடங்கிற்று. அது பிறந்த ஊரான ஸ்விக்காவ் கிழக்கு ஜெர்மனிக்குள் அகப்பட்டு, 1957 முதல் டிராபண்ட் என்ற சிறு வண்டியைச் செய்தது. பதிவு செய்துவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

போர்ஷேயின் குணம் பிடிவாதம். 1963ல் காட்டப்பட்ட 911 முதல் இன்றுவரை எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால்தான். சமநிலைக்கு உகந்த இடமல்ல என்று தெரிந்தும் இடத்தை மாற்றாமல், அந்தக் குறையையே செதுக்கிச் செதுக்கி அழகாக்கினார்கள். அந்தப் பின்புற எஞ்சின் வந்த வழி ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த மக்கள் கார். அதாவது ஃபோக்ஸ்வாகன்.

இங்கேதான் என் மோகம் தடுக்கி விழுந்தது. அருங்காட்சியகமொன்றில், கண்ணாடிப் பேழைக்குள், ஒரு சேமிப்பு அட்டையைக் கண்டேன். ஹிட்லரின் ஆட்சி 990 மார்க்குக்குக் கார் என்று அறிவித்தது. வாரம் 5 மார்க் வில்லையை அட்டையில் ஒட்டிவர வேண்டும். சுமார் 3,36,000 பேர் ஒட்டினார்கள். ஒருவருக்கும் அந்த ஆட்சி கார் தரவில்லை. ஆலை போர் வண்டிகள் செய்யத் திரும்பியது. பிடித்துவரப்பட்ட அடிமைத் தொழிலாளர்களும், வதைமுகாம் கைதிகளும் அங்கே உழைத்தார்கள். வில்லை ஒட்டியவர்களுக்கு நெடிய வழக்குக்குப் பிறகு 1961ல் கிடைத்தது, புதிய காரின் விலையில் ஒரு தள்ளுபடி அல்லது சொற்பப் பணம்.

அந்த வாக்கைக் காப்பாற்றியது வேறு கைகள். 1945ல் இடிந்து கிடந்த ஆலையை ஓடவைத்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி. பீட்டில் என்று உலகம் செல்லமாக அழைத்த அந்த வண்டி 2003ல் மெக்சிகோவில் நிற்கும்வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் உருவானது. பிறகு 2015ல் மறுபடியும் ஒரு முறிவு. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் இருந்தது வெளிப்பட்டது.

ஃபோக்ஸ்வாகனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவற்றை ரசிக்கலாமா? அதுவும் முடியவில்லை. போர்க்காலத்தில் டைம்லர் பென்ஸும் பி.எம்.டபிள்யூ.வும் அடிமை உழைப்பைப் பயன்படுத்தியவைதாம். 'பத்திரமாகப் போய்ச் சேர்வாய்' என்ற வாக்கு அந்தத் தொழிலாளர்களுக்குச் சொல்லப்பட்டதல்ல. 1999ல் வொல்ஃப்ஸ்புர்க் ஆலையின் பழைய பதுங்கறை ஒன்றில் அவர்களுக்கு நினைவிடம் திறந்தார்கள். தாமதந்தான். ஆனாலும் ஆலைக்கு உள்ளேயே அது இருக்கிறது.

இவற்றில் எது உனக்குப் பிடித்தது என்று கேட்டால், இன்றும் பீட்டில் என்றே சொல்வேன். மற்றவை விலை கொடுக்க முடிந்தவனுக்குக் கொடுத்த வாக்குகள். இது எல்லோருக்கும் கொடுத்த வாக்கு. அதனாலேயே அதை மீறியதும் பெருங்குற்றமாயிற்று. தெருவில் ஒரு பழைய பீட்டில் போனால் நின்று பார்க்கத்தான் செய்கிறேன். கூடவே, வாரந்தோறும் 5 மார்க்கை எண்ணி வைத்து, வில்லையின் ஓரங்களை நீவி ஒட்டிய யாரோ ஒருவரின் விரல்களும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.