பதவியும் தொண்டும்

தென்காசிப் பெருங்கோயிலை எழுப்பியவன் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியன். இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஊறு நேருமாயின், அதனைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாக அம்மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். முடி சூடிய வேந்தன், இன்னும் பிறவாத தொண்டரை முன்னரே வணங்கினான்! பதவியினும் தொண்டு பெரிது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? அவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக அந்நகரில் வளர்ந்தவர் ‘இரசிகமணி’ டி. கே. சிதம்பரநாத முதலியார். அவரை டி. கே. சி. என்றே தமிழுலகம் அழைக்கும்.

டி. கே. சி. 1882-ஆம் ஆண்டில் பிறந்தார். தென்காசியில் இளமைக் கல்வி பெற்றார். சட்டம் பயின்று திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். ஆயினும், அவர் உள்ளம் வழக்குக் கட்டுகளினும் கவிதையிலேயே தோய்ந்து நின்றது.

அக்காலத்தில் கற்றவர் கூடினால் ஆங்கிலத்திலேயே உரையாடுவர். தமிழ்ப் பாட்டைப் புலவர்க்கே உரியதென ஒதுக்குவர். இக்குறையை நீக்க டி. கே. சி. சங்கம் எதனையும் பதிவு செய்யவில்லை. பொருள் திரட்டவும் இல்லை. தம் வீட்டு முற்றத்தில் வட்டமாக அமைந்திருந்த தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டினார். ஒரு பாட்டை எடுத்து, அதன் உணர்ச்சி கேட்போர் நெஞ்சில் பதியும்வரை மீண்டும் மீண்டும் பாடிக் காட்டினார். ‘வட்டத்தொட்டி’ என்னும் புகழ்பெற்ற இலக்கியக் கழகம் இவ்வாறே பிறந்தது.

பதவிகளும் அவரை நாடி வந்தன. 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும், பின்னர் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகவும் பணியாற்றினார். முன்னோர் கோயில்களுக்கு எழுதி வைத்த நிலமும் பொருளும் தனியார் கையில் சிக்காமல், உரிய அறத்திற்கே பயன்படுமாறு காப்பது அறநிலையப் பணியாகும்.

பதவிக்காலம் முடிந்தது, தொண்டு முடியவில்லை. டி. கே. சி. குற்றாலத்தில் குடியேறினார். சாரல் பொழியும் அவ்வூரில் அவருடைய இல்லம், தமிழன்பர்க்கு அடையா நெடுங்கதவாயிற்று. இராஜாஜியும் கல்கியும் அங்கு விருந்தினராய்த் தங்கினர். வர இயலாதவர்க்கு அவருடைய கடிதங்கள் விருந்தாயின. தமிழர் தம் தாய்மொழியிலேயே இசை கேட்கவேண்டும், தாய்மொழியிலேயே கல்வி பெறவேண்டும் என அவர் இடையறாது வற்புறுத்தினார்.

கம்பர் பாடல்களில் பிறர் கைச்சரக்கு கலந்துள்ளதெனக் கருதி அவர் செய்த திருத்தங்களைப் புலவர் பலர் மறுத்தனர். ஓசையும் சுவையும் மட்டுமே பாடத்தை அறுதியிடப் போதா. ஏட்டுச் சான்றும் வேண்டும் என்பது அவர்தம் வாதம். அது புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், கம்பனைப் புலவர் அவையிலிருந்து பொதுமக்கள் முற்றத்திற்கு அழைத்து வந்த பெருமை டி. கே. சி.க்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் மறைந்தார். அவர் வகித்த பதவிகளில் வேறு பலர் அமர்ந்து சென்றனர். ஆனால், அவர் மூட்டிய சுவை இன்றும் தமிழர் நெஞ்சில் வாழ்கின்றது. மாணவர்களே, பதவி பிறர் தரவேண்டுவது; தொண்டு நாமே தொடங்கத்தக்கது. அதற்கு ஒரு முற்றமும் நான்கு நண்பர்களும் போதும்.